மூன்றாம் மாடியின் கண்ணாடி

என் வகுப்பில் முதன்முதலாக இரத்தம் சிந்தியது ஒரு திங்கட்கிழமை காலை.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சி நிலையம். தீ எச்சரிக்கை மணி பொருத்துகிற, பழுது பார்க்கிற டெக்னீஷியன்களுக்கு நான் அங்கே செய்முறை சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் கூலிமிலும் குருணிலும் தொழிற்சாலைக் கூரைகளுக்குள் தவழ்ந்து வயர் இழுத்தவள். அந்தத் தடவை வகுப்பில் மூன்றே பேர். மூவரும் இன்னொரு வேலையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள்.

ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிட நிறைய மூத்தவர். லோரி ஓட்டிக்கொண்டிருந்தார், கம்பெனியை மூடிவிட்டார்கள். நாங்கள் அவரை லோரி அண்ணே என்போம். இன்னொருவர் கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் தொழிற்சாலையில் பல வருஷம் நின்று வேலை செய்து, ஆட்குறைப்பில் வெளியே வந்த ஒரு அக்கா. கழுத்தில் சின்னச் சிலுவை, பேச்சு குறைவு. மூன்றாமவர் அலோர்ஸ்டார் மெர்கோங்கில் கைப்பேசிக் கடை வைத்து நொடித்துப்போனவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். என்னைவிட இளையவர் என்பதால் மெர்கோங் தம்பி.

பயிற்சிக்கென்று சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருக்கிறேன். அதில் ஒரு பேனல், இரண்டு மணி, சில புகை டிடெக்டர்கள், ஒரு சிவப்புப் பெட்டி. நெருப்பைக் கண்டவர் கண்ணாடியை அழுத்தி உடைத்தால் மணி அடிக்குமே, சுவரில் பதித்திருப்பார்களே, அந்தப் பெட்டி. மணி அடித்ததும் எந்த மாடி என்று பேனலில் விளக்கு எரியும். அதைப் படித்து, அந்த இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மணியை நிறுத்த வேண்டும். இது பழகிவிட்டால் பாதி வேலை வந்த மாதிரி. ஆனால் அந்தச் சத்தம் மண்டைக்குள் இறங்குகிற சத்தம். காதுக்குப் பக்கத்தில் அடிக்கும்போது எல்லாருடைய கையும் முதலில் போவது நிறுத்துகிற பட்டனுக்குத்தான்.

லோரி அண்ணேவின் முறை வந்தது. மணி அடித்தேன். விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டனை அழுத்தினார்.

“போய்ப் பாத்தீங்களா?” என்று கத்தினேன்.

“எங்க போய்ப் பாக்குறது? பலகை இந்தா கண்ணு முன்னாலதான இருக்கு.”

“பாக்காம நிறுத்துனா மறுபடியும் அடிப்பேன்.”

மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அழுத்தினார். அடுத்த தடவை அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டின மறுகணம் அவருடைய கைமுட்டி சிவப்புப் பெட்டியில் இறங்கியது. கண்ணாடி நொறுங்கி, பெட்டி பலகையிலிருந்து பிய்ந்து வயரில் தொங்கியது. விரல் கணுக்களிலிருந்து இரத்தம் தரையில் சொட்ட, மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

கூலிம் அக்கா துணி எடுத்துவந்து அவர் கையைச் சுற்றினார். மெர்கோங் தம்பி சுவரோரம் ஒதுங்கிவிட்டார்.

“பொம்பள கத்துனா எனக்குக் கை நிக்காது டீச்சர்,” என்றார் லோரி அண்ணே, தனக்கு இனிப்புநீர் வியாதி இருக்கிறது என்று சொல்கிற தொனியில். “வீட்டுக்காரி கத்துவா. அடிச்சிருவேன். ரெண்டு பல்லு போச்சு அவளுக்கு. அதுக்கப்புறம்தான் வீட்ட விட்டுப் போயிட்டா.”

நான் திகாம் பத்து பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அடி வாங்குகிற சத்தம் எங்களுக்கெல்லாம் பழக்கம். முதலில் பாத்திரம் விழும். பிறகு ஒரு ‘தொப்’. பிறகு அவள் குரல். எங்கள் வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் அந்தப் பெண்ணின் காது கிழிந்து, தோடு வாசலில் கிடந்தது. என் அம்மா அதை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அதைத் தவிர யாரும் ஒன்றும் செய்யவில்லை. அப்படிப்பட்ட கை ஒன்று இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, இங்க என் குரல் ஒசரமாத்தான் இருக்கும். மணி அடிக்கிறப்ப மெதுவாப் பேசுனா யாருக்கும் கேக்காது. முடியலன்னா வாசல் அந்தப் பக்கம்,” என்றேன்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கையில் கட்டோடு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பலகையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும், எழுதி ஒட்டினது எல்லாம் சரியாக இருக்கும். உண்மையான கட்டடத்தில் எலி கடித்த வயர் இருக்கும், பெயிண்ட் அடித்து மூடிய டிடெக்டர் இருக்கும், எவனோ அவசரத்தில் மாற்றி ஒட்டிய சீட்டு இருக்கும். அதனால் ஒவ்வொரு வகுப்பையும் ஏதாவதொரு கட்டடத்துக்கு வேலைக்குக் கூட்டிப்போவேன். அந்தத் தடவை கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு பத்து மாடி பிளாட். தெரிந்த குத்தகைக்காரர் ஒருவர் கைகழுவிவிட்ட வேலை.

“அந்த எடத்துக்கு ஹெல்மட்டோட போங்க,” என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அங்கே சில மாதமாகக் காரணமே இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருந்தது. வாரத்தில் ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. முதலில் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியிருக்கிறார்கள். ஓடுகிற கூட்டத்தில் ஒரு கிழவர் விழுந்து இடுப்பு ஒடிந்தது. நெருப்பு ஒன்றையும் காணோம். பிறகு யாரும் ஓடவில்லை, ஆத்திரப்பட ஆரம்பித்தார்கள். ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நிறைந்த கட்டடம் அது. எவனோ பேனல் கதவைச் சுத்தியலால் அடித்து நெளித்திருந்தான். ஐந்தாவது மாடி மணியின் வயர் கத்தியால் அறுபட்டிருந்தது. முன்பு பராமரிப்புக்கு வந்த ஆள் மீது மேலேயிருந்து பூந்தொட்டி விழுந்து தோள்பட்டை பெயர்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் குத்தகைக்காரர் கும்பிடு போட்டுவிட்டார்.

நாங்கள் போன முதல் நாள் ஒரு வயரையும் தொடவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டி, இன்ன நாள் இன்ன நேரம் மணி அடித்துப் பார்ப்போம் என்று சொல்லச் சொன்னேன். மெர்கோங் தம்பிக்கு அது வெட்கமாக இருந்தது. “நாம டெக்னீஷியனா, வோட்டு கேக்க வந்தவங்களா டீச்சர்?” என்றார். ஏழாவது மாடியில் ஒருவன் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். “நீதானாடா அந்த மணி அடிக்கிறவன்?” லோரி அண்ணே நடுவில் போய் நின்ற பிறகுதான் விட்டான். அன்றைக்கு லோரி அண்ணே கையை ஓங்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். அவர் உடம்புக்கு அது போதும்.

குடியிருப்போர் கமிட்டித் தலைவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், எல்லாருக்கும் பாக்சிக், நல்ல மனிதர், களைத்துப்போனவர். “பேனலில் எப்போதும் நான்காம் மாடி விளக்குத்தான் எரிகிறது. அந்த மாடியை மட்டும் கழற்றிவிடு மகளே, யாருக்கும் தெரிய வேண்டாம், சனங்கள் தூங்கட்டும்,” என்று மலாயில் கெஞ்சினார். முடியாது பாக்சிக், ஒரு மாடியைச் செவிடாக்கிவிட்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன், காரணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்றேன்.

நான்காம் மாடியில் ஒரு குறையும் இல்லை. சிவப்புப் பெட்டியின் கண்ணாடி முழுசாக இருந்தது, டிடெக்டர்கள் சுத்தமாக இருந்தன, வயர் சரியாக இருந்தது. முன்பு வந்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துவிட்டு, சும்மா அடிக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“இப்ப என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். நான் சொல்லித் தருவதாக இல்லை.

மெர்கோங் தம்பி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பேனலில் நான்காம் மாடி என்று எழுதியிருந்த வயரைக் கழற்றி மீட்டரை வைத்தார். போனில் கூலிம் அக்காவிடம் நான்காம் மாடி டிடெக்டர் ஒன்றைக் கழற்றச் சொன்னார். மீட்டரில் முள் அசையவில்லை. மூன்றாம் மாடி டிடெக்டர் ஒன்றைக் கழற்றச் சொன்னார். அசைந்தது.

“டீச்சர்! நாலுன்னு ஒட்டியிருக்கானுங்க, வயரு மூணுக்குப் போகுது! இத்தன மாசமா எல்லாரும் தப்பான மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருக்கானுங்க லா!”

முதல் நாள் சட்டையைப் பிடித்துச் சாத்தியதையும் மறந்து துள்ளினார் மனிதர்.

மூன்றாம் மாடிக்குப் போனோம். நடைபாதையின் கடைசியில், ஒரு வீட்டுக் கதவுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது அந்தப் பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி முழுசாக இருப்பது போலத்தான் தெரிந்தது. கிட்டப் போனால் அது கண்ணாடி இல்லை. பிஸ்கட் டின்னின் பிளாஸ்டிக் மூடியை வெட்டிச் செருகியிருந்தது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கமாகச் செருகினால் உள்ளே சுவிட்சை அது அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், மணி அடிக்காது. உருவினால் அடிக்கும்.

“சின்னப் பிள்ளைங்க சேட்டை,” என்றார் மெர்கோங் தம்பி.

கூலிம் அக்கா அந்தத் துண்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். நாலு மூலையும் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டியிருந்தது, கை கிழிக்காதபடி. “பிள்ளைங்க இவ்வளவு பொறுமையா வெட்டாது,” என்றார்.

அப்போதுதான் பக்கத்து இரும்புக் கிராதிக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பதைக் கவனித்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக, ஆறி வருகிற ஒரு காயம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. கூலிம் அக்காவின் கையில் இருந்த பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோரி அண்ணே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நடைபாதைக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

புதுக் கண்ணாடி போட்டோம். மூடுவதற்கு முன் கூலிம் அக்கா கிராதிப் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: “இது நெசக் கண்ணாடி. கட்டை விரலால அழுத்துனாலே ஒடஞ்சிரும். இன்னும் ஒரு வாரம் நாங்க இங்கதான் வேலை செய்வோம்.”

அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது நான் கூலிம் அக்காவைக் கோபித்தேன். “நாம வயரு பாக்க வந்தவங்க அக்கா. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” அன்று மாலையே நான் போலீசுக்குப் போன் செய்து அந்தப் பெண்ணின் காயத்தைப் பற்றிச் சொன்னேன். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதோடு வைத்துவிட்டேன்.

வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் நாங்கள் கீழே காவலாளி அறையில் பேனலைத் திறந்து வைத்து, புது பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தோம். லோரி அண்ணே பேனல் முன்னால், நானும் கூலிம் அக்காவும் தரையில், மெர்கோங் தம்பி வாசலில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

“யாரு டெஸ்ட் பண்றா?” என்று கேட்டார் லோரி அண்ணே. யாருமில்லை. நாலு பேரும் இங்கேதான் இருந்தோம்.

விளக்கைப் பார்த்தார். மூன்று. சீட்டை நாங்களே மாற்றி ஒட்டியிருந்தோம். அவர் கை பட்டன் பக்கமே போகவில்லை. நாற்காலி பின்னால் விழ எழுந்து ஓடினார். அந்த உடம்பும் அந்த வயதும் வைத்துக்கொண்டு, லிப்ட் வேலை செய்யாத அந்தக் கட்டடத்தில், இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். நான் பின்னால் ஓடினேன். கூலிம் அக்கா என் பின்னால்.

மேலே நடைபாதையில் அந்தப் பெண் தரையில் கிடந்தாள். ஒரு ஆள் அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, சிவப்புப் பெட்டிக்குக் கீழே சுவரில் அவள் தலையை மோதிக்கொண்டிருந்தான். வேன் ஓட்டுகிறவன், அவள் புருஷன் என்று பிறகு தெரிந்தது. மணி தலைக்கு மேலே அலறியது. அவன் வாய் அசைந்தது, என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. எதிர் வீட்டுக் கிராதிக்குள் ஒருவர் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிராதிகளிலும் முகங்கள் இருந்தன.

லோரி அண்ணே அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். முடியை விட்டான். விட்டவன் வீட்டுக்குள் ஓடினான். நான் அந்தப் பெண்ணை இழுத்துத் தூக்குவதற்குள் கையில் பாராங் கத்தியோடு வெளியே வந்தான்.

முதல் வீச்சு லோரி அண்ணேவின் வலது முன்னங்கையில் விழுந்தது. வெட்டுப்பட்ட இடம் முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது, பிறகுதான் இரத்தம் வந்தது. இரண்டாவது வீச்சு கிராதியில் பட்டுத் தெறித்தது. அதற்குள் லோரி அண்ணே அவன் மீது பாய்ந்துவிட்டார். இடது கையால் தாடையில் ஒரே அடி. ஏதோ முறிகிற சத்தம் அந்த மணிச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டது போல இருந்தது. பாராங் கீழே விழுந்தது. கூலிம் அக்கா அதைக் காலால் உதைத்து, நடைபாதை விளிம்பு வழியே கீழே தள்ளினார்.

அவன் விழுந்துவிட்டான். சண்டை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். லோரி அண்ணே நிறுத்தவில்லை. அவன் மார்பில் முட்டி போட்டு உட்கார்ந்து முகத்தில் அடித்தார். மறுபடி அடித்தார். வெட்டுப்பட்ட கையாலும் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் இரத்தம் சுவரில் தெறித்தது. அவன் கண் செருகிவிட்டது. நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். அவர் முழங்கை பின்னால் வந்து என் வாயில் மோதியது. முன்பல் உடைந்து நாக்கில் உருண்டது. “செத்துருவான் அண்ணே! செத்துருவான்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது கீழே மெர்கோங் தம்பி மணியை நிறுத்தினார்.

திடீரென்று எல்லாச் சத்தமும் போய், இரண்டே சத்தம் மிச்சமிருந்தது. சதையில் கைமுட்டி விழுகிற சத்தம். அந்தப் பெண் அழுகிற சத்தம். “அவர விட்ருங்க, அண்ணே, அவர விட்ருங்க” என்று அவள் லோரி அண்ணேவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள். லோரி அண்ணேவின் ஓங்கிய கை நின்றது. அவளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் தனித்தனி ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அவனுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, ஒரு கண்ணில் பார்வை வருமா என்று சில நாள் தெரியவில்லை. லோரி அண்ணேவின் கையைத் தைத்து, அங்கிருந்தே போலீஸ் கூட்டிப்போனது.

அந்தப் பெண் போலீஸ் பாலாயில் கொடுத்த வாக்குமூலத்தை நான் என் காதால் கேட்டேன். “மணி ரிப்பேர் பண்ண வந்த ஆளு என் புருஷன சும்மா அடிச்சிட்டாரு. நான் படியில வழுக்கி விழுந்தேன்.”

அவள் நெற்றியில் தையல் போட்ட நூல் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வெறி வந்தது. கூலிம் அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் எடுத்த படம் அதற்குள் எல்லார் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்தது. அதில் பாராங் தெரிந்தது. விழுந்த பிறகு அடித்த அடிகளும் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் நிலையத்தின் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “இனிமே கட்டடம் கிட்டடம்லாம் வேணாம். பலகையில சொல்லிக் குடுத்தாப் போதாதா?” என்றார்.

“பலகையில மூணாவது மாடி இல்ல சார்,” என்றேன். வாய் வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. “பலகையில கதவத் தொறக்குற சனம் இல்ல. அது இல்லாம நான் சர்ட்டிபிகேட் குடுத்தா, இவங்க அடுத்த கட்டடத்துல போய் ஒரு மாடியக் கழட்டிட்டு வந்துருவாங்க. அப்புறம் நெசமாவே எரியும்.” வேலையை விட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். நிஜமாகத்தான் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

கூலிம் அக்கா என்னிடம் சொல்லாமலே அந்தப் பெண்ணைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு கட்டிக்கொண்டு. பல நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் தடவை கதவைத் திறக்கவில்லையாம். அடுத்த தடவை கிராதி வழியாகச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டாளாம். அதற்கடுத்த தடவை உள்ளே கூப்பிட்டாள்.

“ஏன் பொய் சொன்னேன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“கேக்கல. அதுவே சொல்லிச்சு. அவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வருவான்ல, அப்ப உங்க ஆளு வந்து நிப்பாரான்னு கேட்டுச்சு.”



மணியைப் பற்றியும் அவள் சொல்லியிருக்கிறாள். கத்தினால் யாரும் வருவதில்லை. ஒரு நாள் ஓடும்போது கை தெரியாமல் அந்தக் கண்ணாடியில் பட்டு உடைந்து, மணி அடித்து, கட்டடமே வெளியே வந்தது. அத்தனை பேர் முன்னால் அவனால் அடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு வழி. மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு பிளாஸ்டிக் துண்டைத் திரும்பச் செருகி வைப்பாள். எங்கே உடைந்தது என்று தெரிந்தால் அந்தப் பெட்டியையே எடுத்துவிடுவார்களே என்ற பயம்.

அவன் வீடு திரும்புவதாக இருந்த நாளன்று காலையில் கூலிம் அக்கா தன் பழைய காரில் போய் அந்தப் பெண்ணையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு அலோர்ஸ்டாருக்கு ஓட்டிப்போனார். மெர்கோங் தம்பியின் மனைவி தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். அன்று சாயங்காலமே அவன் கூலிம் அக்காவின் தொலைபேசி எண்ணை எப்படியோ பிடித்து, கட்டிய தாடைக்குள்ளிருந்து, வெட்டுவேன் கொளுத்துவேன் என்று மிரட்டினான். அக்கா அதைப் பதிவு செய்துவைத்துக்கொண்டார். அந்தப் பதிவோடு அந்தப் பெண் அலோர்ஸ்டார் பாலாய்க்குப் போய், முன்பு சொன்னது பொய் என்று புதிதாகப் புகார் கொடுத்தாள். டாக்டர் அவள் உடம்பில் பழைய முறிவுகளையும் கண்டுபிடித்து எழுதினார். அவனையும் கைது செய்தார்கள்.

லோரி அண்ணேவுக்குக் கிடைத்த சட்ட உதவி வக்கீல் நல்ல பெண். பாராங்கோடு வந்தவனைத் தடுத்தேன் என்று வாதாடலாம், வெளியே வந்துவிடலாம் என்று சொன்னார். லோரி அண்ணே கேட்கவில்லை.

“விழுந்ததுக்கப்புறம் அடிச்சேன்ல. அது தடுத்ததா?” என்றார். “அப்ப நான் அவன அடிக்கல டீச்சர். யார அடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்.”

குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி பாராங்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டதால் தண்டனை சில மாதத்தோடு போனது. உள்ளேயும் ஒரு சண்டையில் யாரோ அவர் தலையில் தட்டால் அடித்தார்களாம். திருப்பி அடிக்கவில்லை என்றார். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டேன்.

அவர் வெளியே வந்த பிறகு ஒரு நாள் திகாம் பத்து ரோட்டோரத்து ஒட்டுக்கடையில் சந்தித்தோம். மெலிந்திருந்தார். பால் ஊற்றாத தே ஓவை ஊதி ஊதிக் குடித்தார்.

“வீட்டுக்காரியப் பாக்கப் போனேன்,” என்றார். “அவ அண்ணன் வீட்டுல இருக்கா. கதவத் தொறக்கல. ஜன்னல் தெரை ஆடுச்சு, அதனால உள்ள இருக்கான்னு தெரிஞ்சிச்சு. வெளிய நின்னுக்கிட்டு, இனிமே வரமாட்டேன், நீ பயப்படாத, அவ்வளவு சொல்லத்தான் வந்தேன்னு சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு இல்லையே.” கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். “திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒக்காந்து அழுதுட்டேன். பக்கத்துல இருந்த சீனக் கெழவி டிஸ்யூ குடுத்துச்சு.”

தேர்வை இரண்டாம் முறை எழுதித்தான் பாஸ் செய்தார். வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது. திருகாணி முடுக்க இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். கூலிம் அக்கா இப்போது பராமரிப்புக் குழு ஒன்றுக்கு மேற்பார்வையாளர். அவர்தான் லோரி அண்ணேவைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். தொழிற்சாலைகளில் கேபிள் இழுக்கிற வேலை.

“எப்படிப் போகுது?” என்று போன வாரம் போனில் கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? அந்த அக்கா என்னை ஏணியில ஏத்தவே மாட்டேங்குது. கை புடிக்காது, கீழ விழுந்து தொலைவீங்க, கயித்தப் புடிச்சிக்கிட்டு கீழயே நில்லுங்கன்னு சொல்லுது. எல்லார் முன்னாலயும் சத்தம் போடுது டீச்சர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நின்னேன்,” என்றார். பிறகு, சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.